சந்தனம் பூசிய ஆம்ப்ளிபயர்

உசிலம்பட்டி பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த கார் ஆடியோ மெக்கானிக், ஸ்பீக்கர் போனில் கத்தினார்.

"ஆம்ப்ளிபயருக்குச் சந்தனம் வைக்கச் சொன்னது யாரு மாப்ள?"

"ஆயுத பூசைக்குண்ணே. எல்லா ஸ்க்ரூவையும் கழட்டித் தொடச்சு, பொட்டு வச்சு மாட்டுனேன். அன்னையிலருந்து பாட்டு இல்ல, செவப்பு லைட்டுதான் எரியுது. இன்னைக்கு அக்கா மகளுக்குச் சடங்கு. சீர் கொண்டுவந்த கார மண்டபத்துக்குப் பக்கத்துல போட்டு நோண்டிக்கிட்டிருக்கேன். மாமன் சீரு சத்தமில்லாமப் போனா ஊரே சிரிக்கும்ணே!"

"எர்த் வயரு கார் பாடியில ஒட்டுற எடத்துல பாரு."

"அங்கதாண்ணே அம்புட்டுச் சந்தனமும்!"

"நல்லாச் சொரண்டிட்டு, இறுக்கி மாட்டு."

பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. வீட்டில் பல்பு மாற்றவே ஆள் கூப்பிடும் நானும், எல்லாம் தெரிந்தவன் மாதிரித் தலையாட்டிக்கொண்டேன்.

திடீரென்று போனுக்குள் குத்துப்பாட்டு அதிர்ந்தது. குஷியில் கண்டக்டர் விசிலடிக்க, டிரைவர் பஸ்ஸையே நிறுத்திவிட்டார்.

"அண்ணே, சத்தத்தக் கேட்டு அக்கா ஆரத்தித் தட்டோட மண்டப வாசலுக்கு வந்துருச்சு!"

"பெறகென்ன, சீர எடுத்துக்கிட்டுப் போடா!"

"எப்படிண்ணே போக? வேட்டி சட்டையெல்லாம் வீட்டுல இருக்கு, நான் கைலியோட நிக்கிறேன்!"