சாம்பல் நிறத்தை அளந்தவர்

என் பெயர் சிக்ஸ்டன் வால்கிரென். நாற்பதாண்டுகள் இயற்பியல் கற்பித்தேன். ஓய்வுக்குப் பின் ஊர்ப் புகைப்படச் சங்கத்தில் வியாழன்தோறும் பாடம் எடுக்கிறேன். கேள்வி கேட்டவருக்கு விடை கூறாமல் வீடு திரும்பியதில்லை. அதிகாரி அவர்களே, தூர்பியோர்ன் கேட்டது ஒரே கேள்வி. அதைப் பதினோரு ஆண்டுகள் கேட்டார்.

லாரி ஓட்டி ஓய்வுபெற்ற சங்க உறுப்பினர் அவர். கேமராவில் ஒளி நுழையும் துளையின் அளவை மட்டும் தாம் வைத்துவிட்டு, அது திறந்திருக்கும் நேரத்தைக் கேமராவின் பொறுப்பில் விடுவார். ஒரே இடத்தில் நின்று எடுத்த இரு படங்களுள் ஒன்று இருண்டிருக்கும், மற்றது வெளுத்திருக்கும்; அது ஏன் என்பதே அவர் கேள்வி. காரணம் எளிது. எதைக் கண்டாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே கேமரா கருதுகிறது. பனி நிறைந்திருந்தால் ஒளியைக் குறைக்கும். கரிய மரங்கள் நிறைந்திருந்தால் கூட்டும். சாம்பலான ஒன்றை அளந்து, அந்த அளவைப் பூட்டிவிட்டால் மாறாது. இதை வரைந்து காட்டினேன், அச்சிட்டும் கொடுத்தேன்.

மார்ச் மாதக் கூட்டத்தில் அவர் எழுந்தார். "வாத்தியாரே, ஒண்ணு என் கேமரா கோளாறு, இல்ல உங்க பாடம் கோளாறு. கேமராவக் கடையில காட்டிட்டேன், அது நல்லாத்தான் இருக்காம்."

எல்லோரும் சிரித்தனர். நான் காபிக் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வீடு சென்றேன்.

ஏப்ரலில் இருவரும் ஏரிக்குச் சென்றோம். உறைந்த ஏரியின்மேல், பனிக்கட்டியைக் குத்திப் பார்க்கும் ஈட்டி எவர் கையில் உள்ளதோ அவர் சொல்லே முடிவு. ஈட்டி என்னிடம் இருந்தது.

"சுத்தி எல்லாம் வெள்ளையா கெடக்கு. சாம்பலுக்கு எங்க போறது?"

ஓடை வந்து கலக்கும் இடத்தைக் காட்டினேன். "அதோ, அந்தக் கட்டி சாம்பலா இருக்கு பாரு. கிட்டப் போயி அள."

"தாங்குமா?"

"குத்திப் பாத்துட்டேன்."

அது பொய்யன்று. முந்தைய நாளே அந்த இடத்தைக் குத்திப் பார்த்திருந்தேன். ஒரே குத்தில் ஈட்டி நீரைத் தொட்டது.

அவர் அந்தச் சாம்பல் கட்டியின் விளிம்பில் நின்று அளந்தார், பூட்டினார், பனிமலையை ஒன்றும் மரங்களை ஒன்றும் எடுத்தார். திரையைப் பார்த்துக் கூவினார்: "வாத்தியாரே, ரெண்டும் சரியா வந்திருக்கு! இவ்வளவுதானா? இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

அவரைத் திரும்ப அழைப்பதற்காகவே வாயைத் திறந்தேன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். "இன்னும் நாலடி உள்ள போயி ஒரு தடவ சரிபாரு" என்றேன்.

கயிறு என் தோளில் கிடந்தது. கட்டி உடைந்து நீருக்குள் விழுந்த அவர், அதை என் பெயர் சொல்லிக் கேட்டார். அதுவரை அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. நான் கயிற்றை எடுக்கவில்லை. அவர்மீது எனக்குக் கோபம் ஏதும் இருக்கவில்லை.

விபத்து என்று நேற்றுக் கூறியதைத் திரும்பப் பெறுகிறேன். தாளைக் கொடுங்கள், கையெழுத்திடுகிறேன்.