படத்துக்கு அடியில் இருந்த குரல்

"அழிச்சுட்டேன்னு சத்தியம் பண்ணியேடா பாவி! அங்க அப்படியே இருக்கு... நான் மூச்சு விட்டது வரைக்கும் இருக்கு!"

"அக்கா, கத்தாதீங்க. உங்க வீட்டு டெக்லயே போட்டுக் காட்டினேனா இல்லையா? அக்கார்டியன் பாட்டு மட்டும்தானே கேட்டுச்சு?"

"அது பழைய டெக்கு. லெஷெக் ஜெர்மனியிலேருந்து புதுசு கொண்டுவந்திருக்கான். ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர். நேத்து தனியா உக்காந்து போட்டுப் பாத்தேன். நல்லவேளை... தனியா."

1992, நவம்பர் முதல் தேதி, இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் நாள். சாயங்காலம் நாலு மணி. எங்கள் பக்கம் அந்த மாதத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். போலெக் என் மனைவியின் அண்ணன். எங்கள் சனோக் ஊரில் கல்யாண வீடியோ எடுப்பவன். கல்லறையில் விளக்கேற்றிவிட்டு அப்போதுதான் அவன் வீட்டுக்கு வந்திருந்தோம். கோட்டில் மெழுகு வாசனை கூடப் போகவில்லை. நான் அடுத்த அறையில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சண்டையை முழுக்கக் காதால் கேட்டேன். அதற்கப்புறம் நடந்தது போலெக் சொன்னது. அவன் கதை விடுகிற ஆள் இல்லை.

நேற்று எங்கள் தோட்டக் குடிசையில் கரண்ட் போய், அடுப்பைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்திருந்தபோது இதைச் சொன்னேன். பாதியில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். இங்கே முழுசாக எழுதுகிறேன்.

சண்டை போட்டது வாண்டா. சொந்தமில்லை, ஊர்ப் பழக்கத்தில்தான் போலெக்குக்கு அக்கா. ஐம்பத்தைந்து வயது, விதவை, இரண்டு பையன்கள். ஜூன் மாதம் மூத்தவன் லெஷெக்குக்குக் கல்யாணம். மறுநாள் விருந்தில் மத்தியானமே வோட்கா தீர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் அதைவிட மானக்கேடு கிடையாது. சின்னவன் தாமியானை மோட்டார் சைக்கிளில் அனுப்பினாள். ஆற்றோரக் காட்டுச் சாலை. மூன்றாவது வளைவு. மரம். இருபத்திரண்டு வயது.

"நான் வேணாம்னுதான் சொன்னேன், அவன் கேக்கல" என்று வாண்டா எல்லாரிடமும் சொன்னாள். பாதிரியாரிடமும் அதையேதான். லெஷெக் மட்டும் வேறு ஒன்று நம்பினான். தம்பி குடித்துவிட்டு ஓட்டினான் என்று கல்லறையிலேயே நின்று திட்டினான்.

ஆனால் வாசல் பக்கம் போலெக்கின் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு விநாடி. கேசட் முழுக்கத் தாமியான் முகம் நேராகத் தெரிவது அந்த இடத்தில் மட்டும்தான். நெற்றியில் முடி விழுந்து, லேசாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

இடது பக்கம் அவன் குரல். "அம்மா, பிரேக் பிடிக்கல."

வலது பக்கம் அவள் குரல். "சம்பந்தி முன்னாடி என் மானத்த வாங்காத. போடா, பயந்தாங்கொள்ளி."

இதைக் கேட்டவர்கள் இரண்டே பேர். அவளும் போலெக்கும். பையன் முகம் இருக்கட்டும், சத்தம் மட்டும் போகட்டும் என்று ஆகஸ்டில் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். போலெக்குக்கு அது தினப்படி வேலை. குடித்துவிட்டுக் கெட்ட வார்த்தை பேசுகிற சித்தப்பா எந்தக் கல்யாணத்தில்தான் இல்லை? டெக்கில் அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. படத்தைத் தொடாமல் சத்தத்தை மட்டும் மாற்றும். அக்கார்டியன் பாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டான்.

எங்கே தப்பு நடந்தது என்று அந்தச் சண்டை நடுவில்தான் அவனுக்கே உறைத்தது. அவன் குரல் இறங்கிவிட்டது.

"அக்கா, அந்தக் கல்யாணத்தப் புதுக் கேமராவுல எடுத்தேன். அது சத்தத்த ரெண்டு எடத்துல எழுதும். நாடாவோட ஓரத்துல கோடு மாதிரி ஒண்ணு. நான் மாத்தினது அதைத்தான். பழைய டெக்குக்கு அது மட்டும்தான் தெரியும்."

"இன்னொண்ணு?"

"அது... உள்ள உருளை சுத்துதுல்ல, அதுலயே சத்தத்துக்குத் தனி ஹெட்டு இருக்கு, நாடாவுல எழுதுற முனை. அது முதல்ல போய் நாடாவுல ஆழமாச் சத்தத்த எழுதும். பின்னாடியே படத்தோட ஹெட்டு வந்து அதுக்கு மேல படத்த எழுதும். புது டெக்கு அந்த அடிச் சத்தத்தத்தான் எடுக்கும். இடம் வேற, வலம் வேறயா... அவ்வளவு சுத்தமா."

"அப்ப அத அழி."

"அத அழிச்சா மேல இருக்கிற படமும் போயிடும்."

நாற்காலி இழுபடுகிற சத்தம்.

"என் புள்ள முகத்துக்கு அடியில என் குரலப் பொதச்சு வச்சிருக்க நீ" என்றாள் வாண்டா. "நாளைக்குப் பூசை முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்கு வராங்க. லெஷெக் கேசட்டப் போடுவான். நான் அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

போலெக் ஒரு வழி கண்டுபிடித்தான். தன் பழைய டெக்கில் கேசட்டை ஓடவிட்டு, பிரிக்காத புதுக் கேசட்டில் பிரதி எடுத்தான். பழைய டெக்குக்கு அந்த அடிச் சத்தத்தைப் படிக்கவே தெரியாது. அக்கார்டியனை மட்டும்தான் அனுப்பும். ஆகவே பிரதியில் ஓரத்திலும் அக்கார்டியன், ஆழத்திலும் அக்கார்டியன். வேறு எதுவும் வர வழியே இல்லை. மூல நாடாவை உருவி அவள் கண்ணெதிரே அடுப்பில் போட்டான். முடி கருகுகிற மாதிரி ஒரு நாற்றம்... எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது.

ஏழு மணிக்கு அவளைத் தன் குட்டிக் காரில் கூட்டிக்கொண்டு போனான். அதே காட்டுச் சாலைதான். மூன்றாவது வளைவில் மரத்தடியில் சிவப்புக் கண்ணாடி விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. வாண்டா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வீட்டில் லெஷெக் இல்லை. மாமனார் வீட்டாரை அழைத்து வரப் போயிருந்தான். புது டெக்கில் கேசட்டைப் போட்டார்கள். போலெக் இடது பக்க ஸ்பீக்கர் ஓரம் நின்றான். அவள் வலது பக்கம், கட்டில் விளிம்பில்.

அக்கார்டியன்... ஆட்டம்... குழந்தைகள் ஓடுவது. அப்புறம் அந்த வாசல்.

பாட்டு நின்றது. ஒரு சின்ன உறுமல், மின்சாரம் உறுமுகிற மாதிரி. பிறகு இடது பக்கம், போலெக்கின் முழங்கால் பக்கத்தில், மிகத் தெளிவாக...

"அம்மா, பிரேக் பிடிக்கல."

வலது பக்கம் ஒன்றும் இல்லை. வெறும் அமைதி. பதில் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. தாமியான் திரையில் சிரித்தபடி நின்றான்.

போலெக் கையை நீட்டி நிறுத்தப் போனான். அதற்குள் வாண்டா சொல்லிவிட்டாள். தொண்டை கிழிந்தாற்போல...

"போகாதடா, என் கண்ணு."

ஒரு நொடி. பிறகு இடது பக்கம் மோட்டார் சைக்கிளை உதைக்கிற சத்தம். ஒரு உதை, இரண்டாவது உதை, பிடித்துக்கொண்டது. இடத்திலிருந்து வலத்துக்கு அறையின் குறுக்கே போய்த் தேய்ந்தது. பெட்ரோல் வாசனை வந்தது என்று போலெக் தன் குழந்தைகள் மேல் ஆணையிட்டுச் சொன்னான். பாட்டு மறுபடி தொடங்கியது.

"இத நாளைக்குப் போடாதீங்க அக்கா. கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க, என் மேல பழியப் போடுங்க."

"அவன் முகம் இருக்குல்ல" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் போலெக்கும் போனான். பயம். ஆனால் அவளைத் தனியாக விடவும் முடியவில்லை. பன்னிரண்டு பேர். பீட்ரூட் சூப், கசகசா கேக். லெஷெக் தன் டெக்கைப் பற்றி அளந்துகொண்டிருந்தான்.

"பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கும் பாருங்க!"

"உன் பொண்டாட்டி திட்டுறது அதுலயும் கேக்குமா?" என்றார் மாமனார். எல்லாரும் சிரித்தார்கள்.

வாசல் வந்தது. பாட்டு நின்றது.

இடது பக்கம்: "அம்மா, பிரேக் பிடிக்கல."

வலது பக்கம்: "போகாதடா, என் கண்ணு."

வாண்டாவின் குரல். முந்தைய நாள் கட்டில் விளிம்பில் சொன்னது, அந்தக் கிழிசலோடு. டெக் அப்போது ஓடிக்கொண்டு மட்டும்தான் இருந்தது. பதிவு செய்யவில்லை. அதில் மைக்கே கிடையாது.

வண்டி கிளம்பிப் போனது. லெஷெக் தரையில் முட்டிபோட்டுத் தாயின் மடியில் விழுந்தான். "நீங்க தடுத்திருக்கீங்க... அவன் குடிக்கவே இல்ல... பிரேக்குதான்... நான் அவனப் போய்த் திட்டினேனே அம்மா!" அறையே அழுதது. லெஷெக்கின் மாமியார் வாண்டாவின் கையை முத்தமிட்டாள். யாரும் இனி அவளை ஒரு கேள்வி கேட்க முடியாது. நாலு மாதமாக அவள் சொன்ன பொய்க்கு நாடாவே சாட்சி சொல்லிவிட்டது.

போலெக் அந்த அழுகைக்கு நடுவில் இடது ஸ்பீக்கர் ஓரமாகத்தான் நின்றிருந்தான். பாட்டுக்கு அடியில், ரொம்பத் தணிந்து, அந்தப் பையனின் குரல்.

"இப்பத்தானே சொல்ற..."

நிமிர்ந்து பார்த்தான். மடியில் மகனை வைத்துக்கொண்டு வாண்டா அந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசல் வரை வந்து அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி... உனக்கும் கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கலையே அக்கா" என்றான் போலெக். அதற்காகத் தன்னை அவன் கடைசி வரை மன்னிக்கவில்லை.

வாண்டா பதினாலு மாதம் இருந்தாள். தினமும் கேசட் ஓடுமாம். "போகாதடா" என்று கத்துவது ரோடு வரை கேட்கும், அதற்குப் பிறகு வண்டிச் சத்தமும் கேட்கும் என்று தபால்காரம்மா சொன்னாள். அவள் கண்ணை மூடிய பிறகு லெஷெக் ஜெர்மனிக்கே போய்விட்டான். கேசட்டைப் போலெக் எடுத்து வைத்திருந்தான். இரண்டு வருடம் முன்பு போலெக்கும் இறந்துபோனான். இப்போது அது என் அலமாரியில்.

போன குளிர்காலத்தில் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். பகலில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. வாசல் வருகிறது. பையன் சிரிக்கிறான். இடது பக்கம் சுத்தமாக ஒன்றுமில்லை. குரல் இல்லை, வண்டிச் சத்தம் இல்லை.

வலது பக்கம் மட்டும் அவள் பேசுகிறாள். அந்தப் பதினோரு விநாடியோடு நிற்கவில்லை. ஆட்டம், கேக் வெட்டுவது, எல்லாரும் விடைபெறுவது... நாடா தீர்கிற வரை, நாற்பது நிமிடம். "போகாதடா என் கண்ணு... போகாதடா..." நடுநடுவே நிறுத்துகிறாள். பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி. அப்புறம் மறுபடி.

இப்போது லெஷெக் கடிதம் போட்டிருக்கிறான். அவன் மகளுக்கு மே மாதம் கல்யாணம். பாட்டியின் குரலை அந்தப் பெண் கேட்டதே இல்லையாம். "எங்க அம்மா தம்பியத் தடுத்த அந்தக் கேசட்ட எப்படியாவது அனுப்பிடுங்க" என்று எழுதியிருக்கிறான். என்ன பதில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அனுப்பட்டுமா, அடுப்பில் போடட்டுமா? படித்தவர்கள் தயவுசெய்து ஒரு வரியாவது எழுதுங்கள்.