முதல் பத்து மீட்டர்

எந்திரிக்காதீங்கண்ணே, உக்காருங்க. பெஞ்சு உங்களுக்கும் சேத்துதான் போட்டிருக்காங்க. ஆமா, நான்தான். உங்க வேன்ல அடிபட்டுச் செத்தாளே, அவளோட அக்கா. எதுக்குக் கையெடுத்துக் கும்புடுறீங்க? கீழ இறக்குங்க, அம்மா பாக்குறாங்க. அதோ, கடைசி ஜன்னலோரம் தண்ணி பாட்டில மடியில வச்சுக்கிட்டு இருக்காங்களே, அவங்கதான். உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு அங்க போய் உக்காந்துட்டு, நிமிசத்துக்கு ஒரு தடவ உங்களையேதான் பாக்குறாங்க.

இல்லண்ணே, சண்டைக்கு வரல. நம்ம கேஸக் கூப்பிட இன்னும் நேரமிருக்கு. இன்னைக்கு முதல் சாட்சி நான்தான். உள்ள போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எட்டு மாசமா யார்கிட்டயும் சொல்லல. நேரா சொல்லப் போனா வராது. அவளப் பத்திப் பேசிக்கிட்டே வந்தா வந்துரும். கேக்குறீங்களா?

பேப்பர்ல போட்டதெல்லாம் விடுங்க. மூணு வருசம் நூறு மீட்டர்ல முதலிடம், அவள மிஞ்ச ஆளில்ல, எல்லாம் சரிதான். வீட்டுல அவ சின்னவ, நான் பெரியவ. ரெண்டே வயசுதான் வித்தியாசம். முதல்ல ஓடுனது நான் தெரியுமா? சிரிக்காதீங்க. இந்த உடம்பும் ஒரு காலத்துல ஓடிருக்கு. ஸ்கூல்ல நான்தான் ராணி. அவளுக்குப் பன்னெண்டு வயசு இருக்கும், நானும் வர்றேன்னு வெறுங்காலோட என் கூட வந்து நின்னா. என்னத் தாண்டி, ரிப்பனத் தாண்டி, ஓடிப் போய் காம்பவுண்டு சுவர்ல முட்டி, நெத்தியில ரத்தத்தோட திரும்பிப் பாக்குறா. ஏண்டி நிக்கலன்னு கேட்டா, நிக்கச் சொல்லி யாருமே சொல்லலையேங்கிறா. அவ அப்படித்தான். என்ன சொல்லிக் குடுத்தமோ அத அப்படியே செய்வா, சொல்லாதத அவளா செய்ய மாட்டா.

அன்னைக்கு நான் ரெண்டாவது. வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்து அழுதேன். பொறாமைதான், வேறென்ன? கூடப் பொறந்தவன்னா பொறாமை வராதா? அப்புறம் ஓட்டத்த விட்டுட்டு தையல் கடைக்குப் போயிட்டேன். ஆனா அவ ஓடுறப்பல்லாம் என் கால்தான் வலிக்கும். ஓடுறதுக்கு அடியில ஆணி வச்ச ஷூ வருமே, அவளோட முதல் ஷூ வேற ஒரு பொண்ணு போட்டுக் கழிச்சது, ரெண்டு சைசு பெருசு. கடையிலருந்து வெட்டுத்துணி அள்ளிட்டு வந்து நுனியில திணிச்சுக் குடுத்தேன். ஜெயிச்சுட்டு வந்து என்ன சொன்னா தெரியுமா? பாதி ஷூவுல நான் ஓடுனேன், பாதி ஷூவுல நீ ஓடுனக்கான்னா. வாயி, சரியான வாயி.

தண்ணி வேணுமா? சரி, அப்புறம் குடிங்க.

பத்தொம்பது வயசுல ஒரு பெரிய போட்டி. ஃபைனல். துப்பாக்கி வெடிக்கிறதுக்கு ஒரு இம்மி முன்னாடி கெளம்பிட்டா. அந்த விளையாட்டுல அதுக்கு மன்னிப்பே கிடையாதுண்ணே. சிவப்பு அட்டையக் காட்டி வெளிய போன்னுட்டாங்க. ஒரு வருசத்து உழைப்பு, ஒரு அடி ஓட விடல. பைய எடுத்துக்கிட்டு நடந்து வந்தா பாருங்க, அப்படி மெதுவா அவ நடந்து நான் பாத்ததில்ல.

அதுலருந்து அவளுக்கு அவ காது மேலயே சந்தேகம். துப்பாக்கி வெடிச்சதும், நெசமாவே வெடிச்சுதான்னு பக்கத்துல ஒரு பார்வை பாத்துட்டுதான் கெளம்புவா. அந்தப் பார்வைக்குள்ள மத்தவங்க எல்லாம் போயிருப்பாங்க. கிரவுண்டு மாஸ்டர், பயிற்சி குடுக்கிறவரு, அவரே கைய விரிச்சுட்டாரு. ஓட்டம் காலுல இருக்கும்மா, கெளம்புறது நம்பிக்கையில இருக்கு, அத நான் எங்கருந்து வாங்கிக் குடுக்கன்னாரு.

நான் விடல. நான்தான் அத சரி பண்ணேன்.

எப்படின்னா, கை தட்டி. அவ்வளவுதான். கிரவுண்டுல கத்துனா காத்து அடிச்சுட்டுப் போயிரும், காதுல விழாது. கை தட்டுனா எத்தன தூரத்துலயும் கேக்கும். அதனால ஒரு விளையாட்டு மாதிரி ஆரம்பிச்சேன். எப்ப வேணா தட்டுவேன், எங்க வேணா தட்டுவேன். தட்டுனா பாயணும். ஏன்னு கேக்கக் கூடாது, திரும்பிப் பாக்கக் கூடாது, யோசிக்கவே கூடாது. அடுப்படியில நிக்கிறப்ப தட்டுவேன், கரண்டியோட வாசலுக்குப் பாய்வா. பல்லு விளக்குறப்ப தட்டி, தண்ணி டிரம்முல மோதி, வாயெல்லாம் நுரையோட ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கோம். அம்மா திட்டுவாங்க, வீடா இது, பைத்தியக்கார ஆசுபத்திரியான்னு. ரெண்டு வருசம்ணே. ஒரு நாள் விடல. கடைசியில நான் தட்டி முடிக்கிறதுக்குள்ள அவ அங்க இருக்க மாட்டா.

இன்னொண்ணு மாஸ்டர் சொல்லிக் குடுத்தது. கெளம்புனதும் தலையத் தூக்கக் கூடாது. முதல் பத்து மீட்டர் தலை குனிஞ்சே இருக்கணும், கண்ணு தரையில இருக்கணும். தலையத் தூக்கிட்டா வேகம் போயிரும். அதுக்கும் சேத்துதான் பழக்குனேன். தூக்குனா திரும்பவும் முதல்லருந்து.

அப்புறம்தான் மூணு வருசம் அவ கொடி பறந்துச்சு. தொடையில தசை கிழிஞ்சு ஆறு மாசம் கட்டில்ல கிடந்தா, எந்திரிச்சு வந்து மறுபடி ஜெயிச்சா. ஒவ்வொரு தடவ மெடல் வாங்குனப்பவும் மேடையிலருந்து என்னத் தேடிப் பிடிச்சு, சத்தமில்லாம ரெண்டு கையையும் தட்டுற மாதிரி காட்டுவா. பேப்பர்க்காரங்க, ஜனங்களுக்கு நன்றி சொல்றான்னு எழுதுவாங்க. அது எனக்கு மட்டும்.

அழாதீங்கண்ணே. நீங்க அழுதா நான் சொல்ல மாட்டேன், வாய மூடிக்குவேன்.

நீங்க போலீஸ்ல குடுத்தத எங்க வக்கீல் எனக்கு வாசிச்சுக் காட்டுனாரு. அந்தப் பொண்ணு ரோட்டு நடுவுல தடுப்புத் திட்டு மேல சும்மாதான் நின்னுச்சு, திடீர்னு வண்டிக்கு முன்னாடி பாஞ்சுருச்சுன்னு சொல்லிருக்கீங்க. யாரும் நம்பல. எப்படி நம்புவாங்க? அவளுக்கு ரோட்டக் கடக்கத் தெரியாதான்னுட்டாங்க. ரொட்டி ஏத்திட்டு வந்த வேன்காரன் தூங்கிட்டு ஓட்டுனான், குடிச்சுட்டு ஓட்டுனான்னு ஆளுக்கொண்ணு. இப்ப நீங்களே, நாந்தான் சரியாப் பாக்கலையோன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறீங்களாமே. உங்க வீட்டம்மா வக்கீல்கிட்ட அழுதாங்களாம். அன்னையிலருந்து ஸ்டீரிங்கத் தொடலையாமே நீங்க.

நீங்க சொன்னது நெசம்ணே. சும்மாதான் நின்னா.

அன்னைக்குக் காலையில கிரவுண்டுக்குப் போயிட்டிருந்தோம். நான் முன்னாடி கடந்து இந்தப் பக்கம் வந்துட்டேன், அவ திட்டு மேல நின்னு போனப் பாத்துக்கிட்டிருந்தா. மாஸ்டருக்கு ஏதோ மெசேஜு. ஒரு கால் நுனி திட்டுக்கு வெளிய இருந்துச்சு. உங்க வேன் வர்றத நான் பாத்துட்டேன். இவ பாக்காம இறங்கிருவாளோன்னு எனக்குப் பதறிப் போச்சு. கத்துனேன். பஸ்ஸு சத்தத்துல கேக்கல. தலையத் தூக்கிப் பாத்தாப் போதும், வேற ஒண்ணும் வேணாம், தலையத் தூக்குனாப் போதும்.

கை தட்டிட்டேன்ணே.

போலீஸ்ல, கடைப் பக்கம் திரும்பி நின்னேன், எதையும் பாக்கலன்னு எழுதிக் குடுத்தேன். இன்னைக்கும் அதையேதான் சொல்லணும்னு வக்கீல் நூறு தடவ சொல்லிருக்காரு. அம்மாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. முதல்ல உங்களுக்குத் தெரியணும்னு தோணுச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல உள்ள எல்லாருக்கும் சொல்லிருவேன். நீங்க வீட்டுக்குப் போயிருவீங்க. நான் எந்த வீட்டுக்குப் போறதுன்னு தெரியல.

இருங்க, இன்னும் ஒண்ணு இருக்கு. அத ஜட்ஜுகிட்ட சொல்ல முடியாது. அவ தலையத் தூக்கவே இல்லண்ணே. நான் எப்படிச் சொல்லிக் குடுத்தனோ அப்படியே, கண்ணு தரையில. எத்தனயோ ஆயிரம் தடவ அவ கெளம்பிப் பாத்திருக்கேன், அப்படி ஒரு கெளம்பல் பாத்ததே இல்ல. உங்க பிரேக் சத்தம் கேக்குறதுக்கு முன்னாடி, ஒரு நொடி இருக்கும், இதுதாண்டி ஸ்டார்ட்டுன்னு எனக்குச் சந்தோசமா இருந்துச்சு.

நம்ம நம்பர்தான் கூப்பிடுறாங்க. எந்திரிங்க, சட்டைய இழுத்து விட்டுக்கங்க. அம்மாவும் எந்திரிச்சுட்டாங்க. உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, பயப்படாதீங்க. உள்ள போறப்ப என் கையப் பிடிச்சுக்கணும்னு வர்றாங்க.