தாய்மார் படுத்துவந்த வண்டிக்கு ஸ்பிரிங் தேர்ந்த ஒலி முகம்மது அவர்களுக்கு

சிங்கப்பூர் லெம்பு சாலை நவஜோதி மோட்டார் பட்டறையில் இருபத்தொரு ஆண்டுகள் பழுதறப் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் ஸ்பிரிங் பிரிவின் தலைமைத் தொழிலாளர், திரு. ஒலி முகம்மது அவர்களுக்கு, உடனுழைத்தோர் உள்ளம் உவந்து வழங்கும் மடல்.

இரும்பின் இயல்பறிந்த இனியவரே! பாரம் பார்த்துப் பட்டை அடுக்கிய பண்பாளரே! சினத்தைச் சொல்லில் காட்டாமல் செயலில் திறம் காட்டிய செம்மலே! வணக்கம்.

1946-ஆம் ஆண்டு, போர் ஓய்ந்து, படையினர் கைவிட்ட ஜீப்புகள் ஏலத்தில் குவிந்த காலத்தில் தாங்கள் இங்கே காலடி வைத்தீர்கள். அன்றுமுதல் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டி எது வந்தாலும் தாங்கள் முதலில் கேட்டது ஒன்றுதான்: அது எதைச் சுமக்கிறது, எந்தப் பாதையில் ஓடுகிறது? இவ்விரண்டுக்கும் விடை கிடைக்கும்வரை ஸ்பேனரைக் கையிலெடுக்க மாட்டீர்கள். வாடிக்கையாளர் சிலர் சலித்துக்கொண்டதுண்டு. சலித்தவர்களே மறுமுறை தங்களைத் தேடி வந்ததும் உண்டு.

இம்மடலை எழுதும்படி தோழர்கள் என்னை, மேற்பார்வையாளன் மருதப்பனை, கேட்டபோது முதலில் மறுத்தேன். எழுதினால் 1958-ஆம் ஆண்டு நடந்ததை எழுதாமல் முடிக்க இயலாது என்பதே காரணம். எழுதத்தான் வேண்டும் என்று இப்போது துணிந்துவிட்டேன்.

அந்த ஆண்டு ஒரு நலச்சங்கத்தார் தமது லேண்ட் ரோவரைக் கொண்டுவந்தார்கள். எட்டு ஆண்டு ஓடிய வண்டி அது. ஜூரோங் ரப்பர்த் தோட்டங்களுக்கும் துவாஸ் மீனவர் குடியிருப்புக்கும் தாதியரை ஏற்றிச் செல்லும். பேறுகால வலி கண்ட தாய்மாரைப் பின்புறம் படுக்கவைத்து நகருக்குக் கொண்டுவரும். அதன் பின்பக்கம் தொய்ந்து, அடிப்பாகம் செம்மண் மேட்டில் உரசியது. நம் கிடங்கில் படை லாரியின் கனத்த ஸ்பிரிங் பட்டைகள் இருந்தன. அவற்றை அளவுக்கு வெட்டி மாட்டினால் பத்து ஆண்டுக்குக் கவலையில்லை என்று நான் முடிவு செய்தேன்.

தாங்கள் தடுத்தீர்கள். "வண்டி தொய்ஞ்சிருக்கிறத மட்டும் பாக்காதீங்க, மருதப்பன். உள்ள யாரு படுத்து வர்றாங்கன்னு பாருங்க. டன் கணக்குல சுமக்கிற பட்டை இது. ஒரு பொம்பளையோட எடைக்கு வளையவே வளையாது," என்றீர்கள். மேற்பார்வையாளன் யார் என்று தங்களுக்கு நினைவூட்டி, மற்றொருவரைக் கொண்டு அவற்றை மாட்டச் செய்தேன். வண்டி கம்பீரமாக உயர்ந்து நின்றது. நான் உள்ளம் பூரித்தேன்.

பதினைந்தாம் நாள் தாதி பாக்கியலட்சுமி நேரில் வந்தார். தோட்டத்துத் தொழிலாளி பூவம்மாவை அந்த வண்டியில் ஏற்றி வந்தார்களாம். வண்டி தூக்கித் தூக்கிப் போட்டதில் பாதி வழியில் அந்தத் தாய் அழுதாராம். "எறக்கி விடுங்க மிஸ்ஸி, நான் நடந்தே வந்துர்றேன்னு கெஞ்சுனாங்க," என்று தாதி சொன்னார். தாயும் சேயும் பிழைத்தார்கள். ஆனால் செய்தி பரவி, தோட்டத்துப் பெண்கள் எவரும் வண்டியில் ஏற மறுத்தார்கள். இந்நிலை நீடித்தால் சங்கம் அந்தச் சேவையையே நிறுத்திவிடும் என்றார் தாதி.

'அன்றே சொன்னேனே' என்று தாங்கள் சொல்லியிருக்கலாம். தாங்களோ தாய்மாரின் தலை எந்தப் பக்கம் இருக்கும் என்று மட்டும் தாதியிடம் கேட்டீர்கள். பிறகு வண்டியின் பின்புறம் ஏறி, தாய்மாரைக் கிடத்தும் தூக்குப் படுக்கையில் மல்லாந்து படுத்து, துவாஸ் வரை ஓட்டும்படி என்னிடம் சொன்னீர்கள். ஓட்டினேன். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் தங்கள் உடல் எழும்பி விழும் ஓசை கேட்டது. துவாஸில் இறங்கியபோது முழங்கை தோலுரிந்திருந்தது, நெற்றி வீங்கியிருந்தது.

"இப்ப நீங்க படுங்க. நான் ஓட்டுறேன்," என்றீர்கள்.

படுத்தேன். முதல் மைலிலேயே நான் செய்தது இன்னதென்று புரிந்தது.

மறுநாள் தொடங்கிய தங்கள் வேலையை இங்குள்ள மூத்தோர் மறவார். எதிர்க்கடையிலிருந்து அரிசி நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து மருந்துப்பெட்டி, தண்ணீர்ப் பீப்பாய், தூக்குப் படுக்கை அனைத்தையும் நிறுத்தீர்கள். தாதி பாக்கியலட்சுமியையும் நிறுத்தீர்கள். அவர் எடையை ஒருவரிடமும் சொல்வதில்லை என்று வாக்களித்து, இன்றுவரை காத்து வருகிறீர்கள். ஓட்டுநரும் பெட்ரோல் தொட்டியும் வலப்புறம் என்பதால் அப்பக்கத்திற்கு மட்டும் சற்றுக் கனம் கூட்டி, மற்றவற்றுக்கு மெல்லிய பட்டைகளைத் தேர்ந்து அடுக்கினீர்கள். முதல் அடுக்கு மிகத் தளர்ந்து, பள்ளத்தில் அச்சு மேலே வந்து மோதியது. கழற்றி ஒரு பட்டை சேர்த்தீர்கள். குலுக்கத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்கள் இரண்டு இணை மாற்றியும் நிறைவில்லை. முதலாவது ஸ்பிரிங்கை அசையவே விடவில்லை. இரண்டாவது, பள்ளம் கடந்தும் வண்டியைத் தொட்டில்போல் ஆட்டியது. மூன்றாவது இணைதான் ஒரே அசைவில் அடங்கியது. எனக்கு அன்று இட்ட வேலை, தங்களுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது. மகிழ்ந்து செய்தேன்.

ஐந்தாம் நாள் தாதியே படுத்துப் பார்க்க முன்வந்தார். துவாஸிலிருந்து திரும்பிப் பட்டறை வாசலில் வண்டி நின்று, கதவைத் திறந்தால், அவர் உறங்கிக்கொண்டிருந்தார்! எழுப்ப மனமின்றித் தேநீர் வரவழைத்துக் குடித்தபடி காத்திருந்தோம்.

அடுத்த மாதம் அந்தப் பூவம்மாவே, வலி கண்ட தன் தங்கையைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து வண்டியில் ஏற்றினார். ஏற்றுமுன் தானே ஒருமுறை படுத்துப் பார்த்தாராம். அதன்பின் தோட்டத்துப் பெண்கள் மறுக்கவில்லை. அடுத்த ஆறு ஆண்டுகள் அந்த வண்டி ஓய்வின்றி ஓடிற்று.

அன்புடையீர்! வரும் தை மாதம் தாங்களும் துணைவியார் சாயிரா பானு அவர்களும் மக்காவுக்குக் கப்பலேற இருப்பதறிந்து களிக்கிறோம். கடல் அமைதியாகட்டும், கண்ட கனவு கைகூடட்டும், திரும்பி வந்து காத்தோங் இல்லத்தில் மக்களும் பேரர்களும் சூழ, உடல்நலம் குன்றாது ஒரு நூறாண்டு உவந்து வாழ்க என்று வாழ்த்துகிறோம்.

இனி நான் மட்டும் சொல்ல வேண்டியது. அதன்பின் ஒன்பது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் தேநீர் பகிர்ந்தும், ஒருநாளும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மேற்பார்வையாளன் என்ற செருக்கு தடுத்தது. இன்று இத்தனை பேர் முன்னிலையில் சொல்கிறேன். பாய், நீங்க சொன்னதுதான் சரி. நான் செஞ்சது தப்பு. என்னை மன்னிச்சுக்குங்க.

தங்கள் அன்பால் உயர்ந்த,
மருதப்பன், மேற்பார்வையாளர்
மற்றும் நவஜோதி மோட்டார் பட்டறைத் தொழிலாளர்கள்
லெம்பு சாலை, சிங்கப்பூர்
30 செப்டம்பர் 1967