பொலிசுக்கு ஊத்தின தேத்தண்ணி

"வீட்டைச் சோதிக்க வந்த பொலிசுக்கு ஆரப்பா தேத்தண்ணி ஊத்திக் குடுப்பினம்?"

டவுன்டவுன் போகும் மெட்ரோவில் எனக்குப் பின்னிருக்கையிலிருந்து இந்தக் கேள்வி வந்தது. அதற்குப் பிறகு கையிலிருந்த புத்தகத்தில் ஒரு வரியும் ஓடவில்லை. கேட்டவர் கணவர், பதில் சொன்னவர் மனைவி. இருவரும் லோயரைப் பார்க்கப் போகிறார்கள் என்பது மெல்ல விளங்கியது.

"வீட்டுக்கு வந்த ஆக்களை எப்பிடிச் சும்மா அனுப்புறது? நான் கேட்டவுடனை சப்பாத்தைக் கழட்டிப்போட்டெல்லோ உள்ளுக்கு வந்தவை."

"சரி, தேத்தண்ணி குடுத்தாய். கதை ஏன் குடுத்தனீ?"

"உங்களை நல்ல மனுசனெண்டு காட்டத்தான். ஆரின்ரை பார்சலெண்டாலும் இவர் மறுக்காமல் வாங்கி வைப்பார் எண்டு சொன்னன்."

"ஐயோ, போதைமருந்து இறக்கினதெண்டு ஃபெடரல் கேஸ் போட்டிருக்கிறாங்களடி! பார்சலுக்குள்ளை என்ன இருந்ததெண்டு எனக்குத் தெரியாது, சிநேகிதனுக்காக ஒரேயொருக்கா வாங்கினது. லோயருக்கு அப்பிடித்தான் சொல்லியிருக்கிறன். அவர் அதிலைதான் நிக்கிறார்."

ரயில் ஒரு நிலையத்தில் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்பியது.

"இஞ்சருங்கோ, லோயர் என்னட்டையும் கேப்பாரோ?"

"கேப்பார். பொலிசிட்டைச் சொன்னதை ஒண்டும் விடாமல் அவரிட்டையும் சொல்லவேணும். ஏன் கேக்கிறாய்?"

"விண்டரிலை அதே சிநேகிதனுக்கு வந்த பார்சலையும் சொல்லிப்போட்டன். அதுக்கும் நீங்கள்தான் கையெழுத்து வைச்சனீங்கள் எண்டு."

அடுத்த நிலையத்தில் கதவுகள் திறந்தன. "இதிலைதானே நாங்கள் இறங்கவேணும்?" என்றார் மனைவி.

பின்னால் யாரும் எழும்பவில்லை. கதவுகள் மூடிக்கொண்டன.