ஒரே நியூட்ரல்

உத்தமபாளையத்தில் பஸ் ஏறிய இரண்டு எலக்ட்ரீஷியன்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். இளையவர் பேச்சு வேகத்தில் பாதி எழுந்துவிட்டார்.

“அண்ணே, ட்ரிப்பர் கெடலண்ணே! நியூட்ரல்தான் சிக்கல்!”

“உக்காந்து சொல்லு.”

“ஷாக் அடிக்காம இருக்க நான் வேலை பாத்த வீட்டு அக்கா அடுப்படிக்கு ட்ரிப்பர் மாட்டினேன்ல? கிரைண்டர் போட்டாலே ட்ரிப்பர் விழுந்து கரண்டு நின்னுச்சு. ‘கழட்டி எறி’ன்னாக. பாத்தா, கரண்டு திரும்பி வர்ற வயரு, அடுப்படிக்கும் மாடிக்கும் ஒரே நியூட்ரல்! போன கரண்டு முழுசா இங்கன திரும்பல. ட்ரிப்பர் அதைக் கசிவுன்னு நெனச்சிருச்சு. தனி நியூட்ரல் இழுத்தேன், சரியாப்போச்சு.”

“அம்புட்டுதானா?”

“இன்னைக்கு மறுபடி விழுந்திருக்குண்ணே! ஈரக்கையோட கிரைண்டரத் தொட்டிருக்காக. உள்ள வயரு அறுந்து பாடில ஒட்டிக் கெடந்திருக்கு. ‘சுருக்குன்னுச்சு தம்பி, அதோட நின்னுருச்சு’ன்னு போன்ல அழுதாக. அன்னைக்கே ட்ரிப்பரக் கழட்டியிருந்தா?”

மூத்தவர் போனை எடுத்து மணி பார்த்தார்.

“எங்க வீட்ல ட்ரிப்பரே கெடையாதுடா. இப்பவே வாரியா?”