சுருங்கிப்போன புஞ்சை

தொண்ணூறுகளில் ஒரு நாள் திருச்சுழி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு விவசாயிகள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“மேனேஜரய்யா செத்ததும் அந்த மெட்ராஸ்காரக புஞ்சை சுருங்கிப்போச்சு மாப்ள.”

“புஞ்சை எப்படி மாமா சுருங்கும்?”

“அவுக இருந்தவரைக்கும் தெனமும் குடையப் புடிச்சுக்கிட்டு வரப்பச் சுத்தி வருவாக. பக்கத்துப் புஞ்சைக்காரன் நான், ஒரு சாண் தள்ளி உழ முடியாது. மொதலாளிக்குத் தன் நெலம் எதுன்னே தெரியாது. சாவுக் கேதத்துக்கு வந்தவுக எங்ககிட்டதான் எல்லையக் கேட்டாக.”

“காட்டுனீகளா?”

“நாலு பக்கத்துக்காரங்களும் கூடவே போயி காட்டுனோம்.”

“இவ்வளவுதானான்னு கேக்கலையா?”

“கண்ணு கலங்கிட்டாக மாப்ள. ‘மேனேஜர் போனாலும் உங்கள மாதிரி நல்லவங்க இருக்கீங்களே’ன்னு, இனிமே எங்களையே பாத்துக்கிடச் சொல்லிட்டு காரேறிட்டாக.”